தாசில்தார் காலில் முளைக்காத முடி

இதனால் திருச்சிராப்பள்ளி மாநகர மக்களுக்கும், ஸ்ரீரங்கம் தீவுவாசிகளுக்கும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: கீழே எழுதியிருப்பது அத்தனையும் நடந்தது. நடந்தது எனக்கு. பேய் என்ற சொல்லை இதுவரை என் மேலதிகாரிகளைக் குறிக்க மட்டுமே பயன்படுத்தி வந்தேன். இனி அப்படி லேசாக வாயில் வராது.

எங்களிடம் ஓர் இயக்கம் இருக்கிறது. 'மலைக்கோட்டை மாநகர் மார்ஜால மீட்பு மற்றும் மறுவாழ்வுப் பேரியக்கம்.' பெயர் எந்தப் பலகைக்குள்ளும் அடங்காததால் பலகை வைக்கவில்லை. மொத்தம் ஒன்பது பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், கொள்கை பரப்புச் செயலாளர் என்று ஆறு பேருக்குப் பதவி. பதவி இல்லாத மூன்று பேர் பூனைக்கு மண் மாற்றுவோம். தெருவில் விட்டுவிட்டுப் போன பூனைகளை எடுத்து வந்து, வைத்தியம் பார்த்து, தேறும்வரை ஒருவர் வீட்டில் வைத்திருந்து, பிறகு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்போம். சம்பளம் கிடையாது. கீறல் உண்டு.

தாசில்தார் எனக்குக் கிடைத்தது தென்னூரில், மூடிய கடை ஒன்றின் ஷட்டருக்கு முன்னால். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. மேலே டேப் ஒட்டியிருந்தது. மூச்சு விட ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. உள்ளே மூன்று நிறப் பெண் பூனை, காய்ச்சலில் கொதித்துக்கொண்டு. கூப்பிட்டால் வராது. வந்தாலும் காக்க வைத்துத்தான் வரும். நாம் நீட்டுவதை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். பெயர் தானாக அமைந்தது. ஆனால் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் சரசரத்தால் போதும், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து என் முழங்கை மடிப்பில் தலையைப் புதைத்துக்கொள்வாள்.

இரண்டு மாதம் என் தலையணையில் தூங்கினாள். விவாகரத்துக்குப் பிறகு அந்தத் தலையணைக்கு அதுவரை கேட்பாரில்லை.

என் வீட்டில் இருந்த கடைசி நாள் காலையில், இன்னொரு சலைன் ஏற்றுவதற்காக டாக்டர் அவள் இடது முன்னங்காலில் தீப்பெட்டி அகலத்துக்கு முடியை மழித்திருந்தார். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"இதை நானே வச்சுக்கட்டுமா?" என்று கூட்டத்தில் கேட்டேன்.

தலைவர் ஃபெமினா மேடம், கல்லூரிப் பேராசிரியை, கண்ணாடியைக் கழற்றினார். "ஆளாளுக்கு வச்சுக்கிட்டா அடுத்த பூனைக்கு இடம் ஏது, மூக்கன் சார்?"

எடுக்க ஆளும் தயாராக இருந்தார். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம், ஓர் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. யமுனா அம்மாள். துறையூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார்.

எங்கள் இயக்கத்தில் ஒரு சட்டம். பூனையைக் கொடுக்கும் முன் ஒருவர் அந்த வீட்டுக்கு நேரில் போக வேண்டும். பால்கனியில் வலை கட்டியிருக்கிறதா என்று பார்த்து, கையால் இழுத்துச் சோதித்து, படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். இன்னொரு சட்டம்: பூனையை வைத்திருந்தவர் அந்த வேலைக்குப் போகக் கூடாது. அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்ணைப் பெற்றவன் மாதிரி குறை கண்டுபிடித்துவிட்டு வந்துவிடுவார். அனுபவத்தில் போட்ட சட்டம்.

ஆகவே செபஸ்தியான் போனான். எங்கள் செயலாளர். கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். விவாகரத்து அன்று கோர்ட்டு வாசலில் டீ வாங்கிக் கொடுத்தவன். என்னை நம்பாவிட்டாலும் அவனை நம்புவேன்.

"தங்கமான அம்மாடா. காபி குடுத்தாங்க. வலைய இழுத்துப் பாத்தேன், என் கைதான் வலிக்குது" என்றான். படமும் போட்டான். பச்சை வலை, கம்பி மாதிரி விறைப்பாக.

கூடையில் தாசில்தாரை அவன்தான் எடுத்துக்கொண்டு போனான். நான் வாசல் வரை வந்து, எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். வேலை எதுவும் இல்லை.

எடுத்துக்கொண்டவர் ஞாயிறுதோறும் குழுவில் ஒரு படம் போட வேண்டும். யமுனா அம்மாள் தவறவில்லை. சோபாவில் தாசில்தார். ஜன்னலோரம் தாசில்தார். நாற்காலிக்கு அடியில் தாசில்தார்.

ஆறாவது ஞாயிறு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது முன்னங்கால். மழித்த இடம். இளஞ்சிவப்புத் தோல்.

முடி முளைக்கவே இல்லை.

பழைய படங்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் அப்படியே. ஒன்றரை மாதத்தில் பூனைக்கு முடி மூடிவிடும். செபஸ்தியானைக் கூப்பிட்டேன்.

"பழைய படத்தையே போடறாங்க போல. வயசானவங்க. விட்றா."

"நேர்ல போய்ப் பாக்கறேன்."

"வேணாம்" என்றான். உடனே. கொஞ்சம் அதிக வேகமாக. "சட்டம்னு ஒன்னு இருக்குல்ல?"

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன்.

கட்டடத்தை அடைந்தபோது மணி மாலை ஐந்தே முக்கால். வெயில் இருந்தது. இந்த மாதிரிக் கதைகளில் வருவதுபோல் கரண்ட் போகவில்லை. நாய் ஊளையிடவில்லை. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. லிஃப்ட் இல்லாததால் நடந்து ஏறினேன். மூன்றாம் மாடியில் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

"வாங்க மூக்கன் சார்."

நான் வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் இல்லை. நம் புகழ் கொள்ளிடம் வரை பரவியிருக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். மனிதன் பயப்பட வேண்டிய இடத்தில்கூட இப்படித்தான் ஏமாறுவான்.

பால்கனிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம். முகம் சரியாகத் தெரியவில்லை. மடியில் தாசில்தார்.

என் நெஞ்சு குதித்தது. சட்டைப் பையிலிருந்து நெத்திலிப் பொட்டலத்தை எடுத்தேன். சரசரவென்று ஆட்டினேன்.

அவள் காதுகூட அசையவில்லை.

இன்னொரு முறை ஆட்டினேன். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல்கூட இல்லை. அங்கே ஆளே இல்லாததுபோல். இரண்டு மாதத் தலையணை உறவு... சரி, பூனைதானே என்று சொல்லிக்கொண்டேன். பொட்டலத்தை மேஜை மேல் வைத்தேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

வீட்டில் பூனை வாசனை இல்லை. நாற்காலி மெத்தையில் ஒரு முடி இல்லை. மண் தட்டில் மண் கொட்டியபடியே சமமாக இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர். அதன் மேல் தூசு ஆடை கட்டியிருந்தது.

"சாப்பிடறாளா?" என்றேன்.

"பசிக்கிறதே இல்லைங்க. எங்க ரெண்டு பேருக்கும்."

தாசில்தார் மடியிலிருந்து குதித்தாள். என் வீட்டில் அவள் குதித்தால் 'தொப்' என்று கேட்கும். இங்கே கேட்கவில்லை. என் முன்னால் நடந்து போனாள். இடது முன்னங்கால். மழித்த தோல். ஊசி குத்திய இடத்தில் ஒரு துளி ரத்தம்.

ஈரமாக இருந்தது.

தரையைப் பார்த்தேன். நல்ல தூசு. வாசலிலிருந்து நான் நின்ற இடம் வரை என் காலடித் தடம். அவள் நடந்த வழியில்...

ஒன்றுமில்லை.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வலையைப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏனோ தோன்றியது. பால்கனிக்குப் போனேன். இழுத்துப் பார்க்கக் கையை நீட்டினேன்.

கை காற்றில் போனது.

வலை இல்லை. ஆணி இல்லை. ஆணி அடித்த தடமும் இல்லை. தொடை உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர் மட்டும்.

"வலைய... கழட்டிட்டீங்களாம்மா?"

"கட்டவே இல்லைங்களே."

"செபஸ்தியான் பாத்துட்டுப் போனாரே?"

"நல்ல மனுஷருங்க அவரு. எதையும் பாக்கவே இல்லை."

குரல் இப்போது பக்கத்தில் கேட்டது. என் காதுக்கு அருகில்.

"கட்டியிருந்தா... நாங்க இருந்திருப்போம்."

திரும்பினேன். நாற்காலி காலி.

கைப்பிடிச் சுவரில், என் விரலுக்கு அருகே, தாசில்தார் உட்கார்ந்திருந்தாள். இப்போது என்னைப் பார்த்தாள். நேராக.

குதித்தாள்.

வெளிப்பக்கம்.

என் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். ஓடி வரும் சத்தம். சில்லென்று ஏதோ என் ஊடாகப் போனது.

கீழே இரண்டு சத்தம்.

முதலில் சின்னது.

அப்புறம் பெரியது.

எட்டிப் பார்த்தேன். சிமெண்ட் தரை. ஒரு ஸ்கூட்டர். கொடியில் துணி. வேறு எதுவும் இல்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழ்த்தளத்து வீட்டு வாசலில் ஓர் அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஜோதி என்று பிறகு சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"மேல யார் வீட்டுக்குங்க போயிட்டு வரீங்க?"

"யமுனா அம்மா வீட்டுக்கு."

செம்பு அவர் கையிலேயே நின்றது. "அது பூட்டிக் கெடக்குங்களே. சாவி துறையூர்ல அவங்க தம்பிகிட்ட இருக்கு."

கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். கதவில் பூட்டு தொங்கியது. மாடிப்படிப் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தோம். தூசுத் தரை. அதில் ஒருவருடைய காலடித் தடம். மேஜை மேல் நெத்திலிப் பொட்டலம்.

ஜோதி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அப்படியே கீழே அழைத்து வந்து உட்கார வைத்துச் சொன்னார்.

"பூனை வந்த அன்னிக்கேங்க. சாயங்காலம். யாருக்கோ அனுப்பணும்னு அத போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. அது செவுத்து மேல ஏறிடுச்சு. எதிர் வீட்டுக்காரங்க பாத்திருக்காங்க. அது குதிச்சதும் இந்தம்மா புடிக்கப் பாய்ஞ்சுட்டாங்க. ரெண்டு உசுரும் இந்த எடத்துலதான்..."

"அவங்க போன் இப்ப யாருகிட்ட இருக்கு?"

"எங்கங்க இருக்கு? கையிலேயே இருந்துச்சு. சுக்குநூறு. போலீசுதான் கூட்டி அள்ளிட்டுப் போனாங்க."

ஆறு ஞாயிறு. ஆறு படம்.

எழுந்தேன். அவர் பின்னாலிருந்து சொன்னார். "உங்க பூனை ஆபீஸ்காரர் ஒருத்தரு மறுநாள் வந்தாரே. நீங்க வரலியா? மாலை போட்டு அப்படி அழுதாரு. நல்ல மனுஷன்."

மறுநாள் காலை செபஸ்தியானை அவன் தெருமுனை டீக்கடையில் பிடித்தேன்.

"வீடு பாக்கப் போனியா?"

"மூக்கா, மொதல்ல டீ சொல்லு."

"போனியாடா?"

"கேட்டு வரைக்கும் போனேன். மூணு மாடிடா. எனக்கு முட்டி வலி. பூனையக் குடுக்கப் போனப்பவும் அந்தம்மாவே கீழ வந்து கூடைய வாங்கிக்கிட்டாங்க."

"அந்த வலை?"

"மச்சான் வீட்டு பால்கனி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "நல்ல வலைதான்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தாங்க மாட்டே. பேரியக்கத்துக்கும் கெட்ட பேரு."

"அதான் ஞாயித்துக்கெழம படமெல்லாம் நீயே போட்டியா?"

கிளாசைக் கீழே வைத்தான். டீ சிந்தியது.

"நான் இல்லடா. மாதா சத்தியமா நான் இல்ல. அந்தம்மா நம்பர்லேர்ந்துதான் வருது. நான் மாலை போட்டுட்டு வந்திருக்கேன்... ஞாயித்துக்கெழம படம் வருது. எத்தன ராத்திரி தூங்கல தெரியுமா?"

"பாத்துட்டு என்ன பண்ணே?"

குழுவைத் திறந்து பார்த்தேன். ஆறு படத்துக்குக் கீழும் சிவப்பு இதயம். ஒவ்வொன்றிலும் முதல் ஆள் அவன்தான். ஒரு படத்துக்கு 'சோ க்யூட் மேடம்' என்று எழுதியும் இருந்தான்.

"ஒன்னும் போடலைன்னா சந்தேகம் வரும்ல?" என்றான்.

கூட்டத்தைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஃபெமினா மேடம் அழுதார். வலை பற்றிய சட்டத்தை இன்னும் கடுமையாக்க ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அதைத் திருத்தமாக எழுதும் பொறுப்பு செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

செயலாளர் இன்னும் செபஸ்தியான்தான்.