தண்ணீர் எங்கே குறைந்தது?

என் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் எங்கள் பழைய காருக்கு மரியாதை வந்தது. அதற்கு முன் அது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்வரும் வண்டி, அவ்வளவுதான். நாங்கள் குடியிருக்கும் சீத்தா கேம்பிலிருந்து செம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. ஆனால் மெஷினிலிருந்து எழுந்திருக்கும்போது அவளுக்கு பிரஷர் இறங்கித் தலை சுற்றும். ரிக்ஷாவில் வந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தோளில் சரிந்து விழுவாள். காரில் பின் சீட்டில் படுத்தே வந்துவிடலாம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, ஸ்டார்ட் செய்ததும் வண்டி உடம்பெல்லாம் நடுங்கியது. காஸில் ஓடுகிற வண்டி, சில நாள் அப்படித்தான் என்று விட்டேன். மறுநாளும் நடுங்கியது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிப் பார்த்தேன். அதன் உள்பக்கம் வெளுத்த கூழ் அப்பியிருந்தது, காப்பியில் படிந்த பாலாடை மாதிரி. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன், வண்டி வேலையும் தெரியாது. இருந்தாலும் நேரே மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனேன்.

மெக்கானிக் எங்கள் நெல்லைப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். மூடியைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி ஆயில்ல கலந்திருக்கு, அண்ணாச்சி. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இஞ்சின தொறக்கணும். இப்படியே ஓட்டாதிய. பாலத்துல வச்சு இஞ்சின் புடிச்சுக்கிட்டுன்னா, பின்னால அக்காவ வச்சுக்கிட்டு என்ன செய்விய?"

இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீருக்கு ஒரு வழி, ஆயிலுக்கு ஒரு வழி. இரண்டும் கலக்காமல் நடுவில் காப்பதுதான் அந்த கேஸ்கெட் தகடு என்று விளக்கினார். செலவையும் சொன்னார். திங்கட்கிழமை வண்டியை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளுக்குக் கழுத்தில் குழாய் போட்டுத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழாயால் ஒருமுறை கிருமி ஏறி, காய்ச்சலில் பிதற்றினாள். இனியும் தள்ளிப்போடாமல் கையில் ரத்தக்குழாயை இணைக்கும் ஆபரேஷனைச் செய்துவிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்குச் சேர்த்த பணம்தான் வீட்டில் இருந்தது. இஞ்சினுக்குக் கொடுத்தால் கைக்கு இல்லை. கர்த்தாவே, எதை விடச் சொல்கிறீர் என்று முழங்காலில் நின்று கேட்டேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு அந்த ஒரு பாட்டில்தான் டாக்டர் அவளுக்கு அளந்தது. அதையும் வாயை நனைத்து நனைத்துத்தான் குடிப்பாள். அதைத் தூக்கி மட்டம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"தண்ணி ஆயிலுக்குள்ள போவுதுன்னா எங்க இருந்து போவுது?"

ரேடியேட்டரிலிருந்து என்றேன்.

"அப்ப அங்க கொறையணும்லா? கொறைஞ்சிருக்கான்னு பாத்தியளா?"

பார்க்கவில்லை. மெக்கானிக்கும் பார்க்கவில்லை.

"நான் ஒரு மடக்கு கூடக் குடிச்சா ஆஸ்பத்திரி தராசு எடையில காட்டிக்குடுத்துருது. உங்க வண்டிக்கு மட்டும் கேள்வி முறை கிடையாதாக்கும்?"

மறுநாள் காலை, இஞ்சின் ஆறிக்கிடக்கும்போது, ரேடியேட்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு அவள் கழுத்துக் கட்டுக்கு வைத்திருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு ஒட்டினேன். மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்தார். சரி, பார்ப்போம், ஆனால் சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், தண்ணீர் இஞ்சினுக்குள் போனால் வெள்ளைப் புகை வரும், அதையும் பாருங்கள் என்றார்.

அந்த நாட்களை நான் மறக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் கண் முள்ளில்தான். ஒரு காலை, ஸ்டார்ட் செய்ததும் பின்னால் வெள்ளையாகப் புகை எழும்பியது. அவளிடம் சொல்லவில்லை. சந்து முனை திரும்புவதற்குள் அது நின்றுவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கண்ணாடியில் பின்னால் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். வீடு திரும்பியபோது, ஏன் இன்றைக்கு வாயே திறக்கவில்லை என்று பின் சீட்டிலிருந்து கேட்டாள். பல் வலி என்றேன்.

ஒரு வாரமாகியும் தண்ணீர் இறங்கவேயில்லை. பிளாஸ்திரியின் மேல்விளிம்பிலேயே நின்றது.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் தேய்த்தார். கறுப்பு ஆயில்தான், பால் நிறம் துளியும் இல்லை. பிறகு பிளக்குகளைக் கழற்றினார். ஒன்று தேய்ந்து கரி பிடித்திருந்தது. நடுக்கம் அதனால்தான்.

"காஸ் எரிஞ்சா நீராவி வரும், அண்ணாச்சி. நீங்க சொன்ன வெள்ளைப் பொகையும் அதுதான். நல்லா சூடு ஏறினா அது காஞ்சு போயிரும். நீங்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஓட்டுதிய, சூடு ஏறுமுன்னே நிறுத்திருதிய. மழை வேற. அதான் மூடியில படிஞ்சிருக்கு. நானும் மூடிய மட்டும் பாத்துச் சொல்லிட்டேன்."

ஆயிலையும் பிளக்கையும் மாற்றி மூடியைத் துடைத்துக் கொடுத்தார். ஒருமுறை நல்ல தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் உறுதியாகச் சொல்கிறேன் என்றார். மெஷின் இல்லாத நாளில் உல்லாஸ்நகரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். நீ வரவேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பெரிய ரோட்டில் ஏறியதும் என்னையறியாமல் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"நீங்க ரோட்டப் பாருங்க. ஜெபத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

முள் நடுவுக்கு ஏறி, அங்கேயே நின்றது. போகும்போதும் வரும்போதும்.

மறுநாள் காலை மூடியைத் திருகினேன். உள்ளே ஆயில் பூச்சு மட்டும் பளபளத்தது. கூழ் இல்லை. ஸ்தோத்திரம் என்றேன். கை துடைக்காமலே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆபரேஷனுக்கு நாள் கேட்டேன். எந்தக் கை என்று அங்கே கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் பார்த்து அவளைக் கேட்டேன்.

"இடது கை. வலது கைய குடுத்துட்டா சோறு நீங்களா பொங்கப் போறிய?"

இடது கை என்று போனில் சொன்னேன்.