துப்பாக்கிக் குதிரையை நிமிர்த்திய நாள்

எங்கள் வீட்டுத் துப்பாக்கியைக் கெடுத்தவர் அப்பா. சரிசெய்தவர்கள் மாமாவும் நானும். எதற்காகக் கெடுத்தார் என்பது அன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அம்மாவுக்கு அப்போது மூன்று மாதம்.

எனக்குப் பின் இரண்டு தங்காமல் போயிருந்ததால், ஐந்து மாதம் முடியும்வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். மனைவி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பலர் பாம்புக்கும் கோழிக்கும் விலக்குக் கொடுத்துக்கொள்வார்கள். அப்பா கொடுக்கவில்லை. பொறியில் விழுந்த எலியைக்கூடச் சைக்கிளில் கொண்டுபோய் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். "உங்கப்பா எலிக்கெல்லாம் டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பறாரு அம்மிணி" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எலியை அனுப்பிவிடலாம். பன்றியை என்ன செய்வது? கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் காடுகளில் நிலக்கடலை காய்பிடித்திருந்த சமயம். காட்டுப்பன்றிகள் வந்து உழுதுபோட்ட மாதிரி புரட்டிவிட்டுப் போயின. சுடுவதற்கு வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கி சுற்றுவட்டாரத்தில் எங்களுடையது ஒன்றுதான்.

அது குழலின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கம்பியால் கிட்டிக்கிற பழைய ரகம். பின்புறம் ஒரு சின்ன முளை இருக்கும். அதன்மேல் 'கேப்' என்கிற, அடிபட்டால் வெடிக்கும் சின்னச் செப்பு மூடியை மாட்டவேண்டும். விசையை இழுத்தால் சுத்தியல்போல் ஓர் இரும்பு வந்து கேப்பை அடிக்கும். அந்த இரும்புக்குத்தான் குதிரை என்று பெயர். அது நடுவில் விழுந்தால் வெடி. விளிம்பில் விழுந்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. அப்பா யாருக்கும் தெரியாமல் ஸ்பேனரை மாட்டி, குதிரையை ஒரு நெல்மணி அகலத்துக்குக் கோணலாக்கி வைத்தார். கடலை பறிக்க இன்னும் மூன்று வாரம். அதுவரை தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்திருப்பார்.

கேட்டு வந்தவர்களுக்கெல்லாம், "குதிரை கோணிக்கிச்சுங்க, ஆள் பாத்துட்டிருக்கறன்" என்று ஒரே பதில். "துப்பாக்கிய சாமி ரூம்புல வெச்சுப் பொங்கல் வெக்கறீங்களாட்ட இருக்குதுங்க" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் குத்திக் காட்டினார். அவருடைய கடலையில் பாதி அதற்குள் போய்விட்டிருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றது எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த வாரம்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. உடும்பஞ்சோலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மருந்தடிக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். கெட்டுப்போன எதைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. அப்பாவும் அம்மாவும் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டு சித்தூர் டவுனுக்குப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பது பின்னால் தெரிந்தது. துப்பாக்கி கெட்டுக் கிடப்பதை நான் மாமாவிடம் முறையிட்டேன். அவர் உடனே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று நினைத்து முறுக்கினார். சரியாகவில்லை. என்னை விளக்குக் கரி எடுத்துவரச் சொல்லி, குதிரையின் முகத்தில் பூசி, கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்கினார். முளையில் கரி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தவள் நான். "மாமா, எடப்பக்கமா உளுகுது!"

"அட, நீயி என்னையக் காட்டியும் பெரிய மெக்கானிக்கா இருப்பியாட்டிருக்குதே!"

குதிரையைக் கழற்றி, கொட்டாங்குச்சிக் கரியில் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியில் பிடித்துத் தட்டினார். மாட்டினார். மறுபடி கரி. இன்னும் கொஞ்சம். மறுபடி கரி. நான்காவது முறை கறுப்பு வட்டம் நட்டநடுவில் விழுந்தது. மருந்தில்லாமல் வெறும் கேப்பை மட்டும் வைத்து அடித்துப் பார்த்தார். 'டப்' என்ற சத்தம் பக்கத்துத் தோட்டம்வரை கேட்டது.

அப்பாவும் அம்மாவும் பஸ் இறங்கி வந்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர். "மச்சான், இதுக்குப் போயி இத்தன நாளு ஆள் தேடுனீங்களா?" என்று மாமா பெருமையாகத் துப்பாக்கியை நீட்டினார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குதிரையை இழுத்து மெல்ல இறக்கினார். மறுபடி இழுத்து இறக்கினார். எங்காவது ஒரு குறை மிச்சமிருக்காதா என்று தேடியிருக்கிறார். அவர் மெச்சிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நினைப்பு.

"அப்பறம் என்னுங்க, நாளைக்கே பன்னிக்குக் காவல் உக்காந்தரலாமுங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அத்தனை பேர் முன்னால் அப்பாவிடம் வேறு சாக்கு இல்லை. வயிற்றில் இருப்பதை வெளியே சொன்னாலும் அதற்கு ஆகாது என்று பயம். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில், எங்கள் கடலைக்காட்டின் வரப்போரம், அப்பாவின் ஒரே வெடியில் ஒரு பன்றி விழுந்தது. ஊர் மெச்சியது. அப்பா கிணற்றடியில் வெகுநேரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அம்மாவை மறுபடி சித்தூருக்குக் கொண்டுபோனார்கள். இதுவும் தங்கவில்லை. டாக்டர் ஏதோ காரணம் சொன்னாராம். பன்றிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இன்றைக்கு நான் யாரிடமும் சொல்வேன். அப்பாவிடம் சொல்லத்தான் இதுவரை வாய் வரவில்லை. அவர் மாமாவையோ என்னையோ ஒரு வார்த்தை கடிந்ததில்லை. உண்மையையெல்லாம் அம்மாதான், எனக்குக் கல்யாணமான பிறகு, ஒருநாள் சொன்னாள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் அம்மா உள்ளறையில் படுத்தே கிடந்தாள். காய்ச்சல் என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, ரேடியோகூடப் பாடவில்லை. அம்மாவை எப்படியாவது சிரிக்க வைக்கவேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துப்பாக்கியை மாமா சரிசெய்ததாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், கோணல் எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று, ஒன்று விடாமல் சொன்னேன்.

அம்மா முழுவதையும் கேட்டாள். என் தலையில் கையை வைத்து, "கெட்டிக்காரிதான் கண்ணு நீ" என்றாள். பிறகு சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

தூக்கம் வருகிறது போலும் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, அப்பாவிடமும் இதைச் சொல்லிவிடலாம் என்று அவரைத் தேடிக்கொண்டு ஓடினேன்.