குடிக்கது நான்தான்

கரிவலம்வந்தநல்லூர் அன்னக்கிளி காங்கிரீட் வேலைக்குப் போகிறவள். வீட்டுக்குத் தளம் போடுகிற நாளில் கீழிருந்து மாடிவரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்; கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். அந்த வரிசையில் சாரத்தின் நடுத்தட்டு அன்னக்கிளியின் இடம். கீழேயிருந்து வாங்கித் தலைக்கு மேல் நீட்ட வேண்டும். எல்லாருக்கும் வாய்க்காத இடம் அது.

தளம் முடிந்ததும் வீடு கட்டுகிறவர் கறிச்சோறு போடுவார். ஆண்களுக்குப் பாட்டிலும் உண்டு. பெண்களுக்கு, உடம்பு வலிக்கு என்று சொல்லி, மணல் குவியலுக்குப் பின்னால் டம்ளரில் ஊற்றித் தருவார்கள். யாரும் பார்க்கவில்லை என்று எல்லாரும் வைத்துக்கொள்வார்கள். புருஷன் போன பிறகு அன்னக்கிளிக்குத் தளம் இல்லாத நாளிலும் உடம்பு வலித்தது. கடைக்கு அவள் போய் நிற்க முடியாது. கூட வேலை பார்க்கும் இசக்கித்துரைதான் வாங்கி வருவான். தன் பங்கை வழியிலேயே இறக்கிவிட்டு மிச்சத்தைத் தருவான்.

போகப்போக, காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்கியது. ஒருநாள் சட்டி நழுவி, கீழே நின்ற சுந்தரம்மாளின் கால்விரல் நசுங்கிப்போனது.

“வெயிலு கெறக்கிட்டு” என்றாள் அன்னக்கிளி.

“வாய ஊதுட்டி பாப்போம்” என்றாள் சுந்தரம்மாள், வலியோடு.

அன்னக்கிளி ஊதவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வரிசையில் இடமில்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாள். நடுக்கம் அடங்கி வெளியே வரும்போது டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். சங்கரன்கோவிலில் ஞாயிறு சாயங்காலம், ஒரு நூல் கடையின் மாடியில், குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிறார்களாம்.

போனாள். அறையில் ஒரு பக்கம் ஆண்கள். எதிர்ப்பக்கம் அவர்களுடைய மனைவிமார். கூட்டத்தை நடத்துகிற ஆறுமுகச்சாமி தறி ஓட்டுகிறவர், நல்ல மனுஷன். மனைவிமார் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இருங்கம்மா. வீட்டுக்காரரு கீழ நிக்காரா? கூச்சப்படுதாரோ?”

“அவரு செத்துட்டாரு அண்ணாச்சி.”

“அடடா. குடியினாலயா?”

“பாம்பு கடிச்சு. அவரு ஒரு சொட்டு தொட்டதில்ல.”

“அப்ப மகனுக்காக வந்தியளா?”

“குடிக்கது நான்தான்.”

பக்கத்திலிருந்த பெண் முந்தானையை இழுத்து ஒடுக்கிக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் மருதப்பன் என்ற கொத்தனார் எழுந்துவிட்டார்.

“ஒரு பொம்பளைய வச்சுக்கிட்டு நாங்க எப்படி மனசுவிட்டுப் பேச? வெக்கமா இருக்கும்லா?”

“குடிச்சுப்போட்டு வேட்டி அவுந்து ரோட்டுல கெடந்தப்ப எங்க போச்சு அந்த வெக்கம்?” என்று கேட்டாள் அன்னக்கிளி.

மனைவிமார் பக்கம் சிரிப்பு வெடித்தது. மருதப்பனின் மனைவிதான் அதிகம் சிரித்தாள். ஆறுமுகச்சாமி சிரிக்கவில்லை.

“குடிய விடணும்னு நெனைக்கவுக யாரும் இங்கன வரலாம் மருதப்பா. ஆம்பளைய மட்டும்னு நாம எங்கயும் எழுதிப் போடல.”

அன்னக்கிளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஆண்கள் வரிசையில் போட்டு உட்கார்ந்தாள். பேசச் சொன்னபோது கதை எதுவும் சொல்லவில்லை.

“நாளைக்கு ராஜபாளையம் ரோட்டுல தளம் போடுதாக. முடிஞ்சதும் மணலுக்குப் பொறத்தால ஊத்துவாக. நான் என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க.”

அந்த மணல் குவியலைத் தெரிந்தவர் மருதப்பன் ஒருவர்தான்.

“கலவ மிசினக் கழுவும்போதே கெளம்பிரும்மா” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “நான் அப்பிடித்தான் ஓடி வந்துருவேன்.”

“நான் எதுக்கு ஓடணும்? சட்டி தூக்கினவ நான். கறிச்சோறு தின்னுட்டுத்தான் வருவேன்.”

“அங்கன இருந்தா ஆச வருமே?”

அவள் போனை நீட்டினாள். மருதப்பன் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் நடுத்தட்டில் நின்று கடைசிச் சட்டிவரை ஏற்றினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டதும் வாயில் எச்சில் ஊறியது. இசக்கித்துரை பக்கத்தில் வந்து குனிந்தான்.

“எக்கா, வழக்கமான எடத்துல வச்சிருக்கேன்.”

அன்னக்கிளி பந்திக்கே கேட்கும்படி சொன்னாள்: “ஏலே இசக்கித்துரை, நான் குடிநோயாளி. ஆஸ்பத்திரியில கெடந்து எந்திச்சு வந்திருக்கேன். இனிமே எனக்கு ஊத்தாத.”

சோற்றில் இருந்த கைகள் நின்றன. வீடு கட்டுகிறவர் வானத்தைப் பார்த்தார்.

“மெல்லப் பேசுக்கா, மானம் போவுது.”

“மறைச்சுக் குடிச்சுத்தாம்ல எல்லாம் போச்சு. தள்ளு, எல போடணும்.”

சுந்தரம்மாள் கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்தினாள். அந்த இடைவெளியில் அன்னக்கிளி உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. காற்று மணல் குவியல் பக்கமிருந்து வாடையையும் கொண்டு வந்தது. வலது கை சோற்றுக்குப் போக, இடது கை போனை எடுத்தது.

“என்னம்மா, கெளம்பிட்டியா?” என்றார் மருதப்பன்.

“கெளம்பல அண்ணாச்சி, கறி வாங்கிக்கிட்டிருக்கேன். நீங்க என்னத்தையாவது பேசிக்கிட்டே இருங்க. நான் தின்னு முடிக்க வரைக்கும் போன வச்சிராதீங்க.”