அம்மாவுக்குச் சாமி வந்த நாள்

அப்போது எனக்கு ஒன்பது வயது. செங்காங்கில் பன்னிரண்டாம் மாடி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச எனக்கு இதற்குமேல் பொறுமையில்லை.

அம்மாவுக்கு அவ்வப்போது ஒன்று வரும். துணி மடித்துக்கொண்டே இருப்பாள்; திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கழுத்தடியில் நாடி படபடவென்று துள்ளுவது என் கண்ணுக்கே தெரியும். முகம் வெளுத்து, வியர்த்து, மூச்சு வாங்கும். பிறகு, விசிறியை நிறுத்தினால் மெல்லச் சுற்றி நிற்குமே, அதுபோல்கூட இல்லை, சட்டென்று நின்றுவிடும். கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். "ஸ்ட்ரெஸ்தான் லா, நல்லா தூங்குங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். உருமி முழங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நின்ற அம்மாவுக்கு அது வந்துவிட்டது. தள்ளாடினாள், உடம்பு நடுங்கியது, கண் செருகியது. அவ்வளவுதான்! "ஆத்தா வந்துட்டா! வழி விடுங்க!" என்று ஓர் அக்கா கத்தினார். நெற்றி நிறைய மஞ்சளைப் பூசி, கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். உருமிக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். ஒரு மாமா, தன் மகளுக்குக் கல்யாணம் எப்போது கூடும் என்று அம்மாவிடம் குறி கேட்டார்.

வீட்டில் உருமி இல்லாமலே வருவது இதுதான் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எங்கள் புளோக்கில் லிஃப்டில்கூட யாரும் எங்களிடம் பேசமாட்டார்கள். அன்று அத்தனை பேர் என் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா கூட்டத்தில் என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து, கையை நீட்டினாள். நான் எல்லாரையும்போல அவள் காலில் விழுந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அது நின்றது. சாமி மலையேறிவிட்டது என்றார்கள்.

இதயத்துக்குள் மின்சாரம் வழிதவறி ஓடுவதுதான் காரணம் என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது எனக்குப் பதினாறு வயது. "திடீர்னு ஆரம்பிச்சு, திடீர்னு நிக்குமா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

அன்று கோயிலிலிருந்து ரயிலில் திரும்பும்போது அம்மா கேட்டாள். "கையை நீட்டினேனே, ஏன்டி பிடிக்கல?"

"சாமியை யாராச்சும் தொடுவாங்களா?" என்றேன்.

அம்மா செங்காங் வரும்வரை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாமி இன்னும் முழுசாகப் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.