கம்பனிக்கு என்ன நட்சத்திரம்?

கம்பனிக்கு வாக்கு இல்லை, ஆனால் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கலாம். சட்டத்தின் கண்ணில் அதுவும் ஓர் ஆளாம். வாக்குப் போடக்கூடிய மனிதர் மட்டுமே கட்சிக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் வரவேண்டும், அதற்கு ஒரு மனு. நாங்கள் சிலர் ஆக்லாந்து முழுக்கக் கையெழுத்துச் சேர்த்தோம். நான் வேலை முடிந்ததும் பாட்டனி டவுன்ஸ் கடைகளின் வாசலில் நிற்பேன். சனம் தள்ளுவண்டியோடு என்னைச் சுற்றிக்கொண்டு போகும். நம்முடைய ஆட்களாவது நின்று கேட்பார்கள் என்று நினைத்து, பாபகூராவில் வாடகை மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை நடக்கும் இடத்தில், செருப்புக் கழற்றுகிற பக்கமாக ஒரு மேசை போட்டேன்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு வெறி? என் மகளின் மூச்சுதான் காரணம். நாங்கள் இருக்கும் வாடகை வீடு ஒரு கம்பனியுடையது. குளிர் தொடங்கினால் அவளுடைய அறைச் சுவரில் கறுப்பாய்ப் பூஞ்சணம் படரும். துடைத்தால் திரும்ப வரும். இழுப்புக்கு அடிக்கிற பம்ப் பக்கத்தில் இல்லாமல் அவள் படுப்பதில்லை. முறையிட்டால், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் வரும். அதே கம்பனிதான், வாடகை வீட்டுச் சட்டங்களைத் தளர்த்துவோம் என்ற கட்சிக்கு வாரிக் கொடுத்தது. ஒளித்துக்கூடச் செய்யவில்லை. அதற்கு என்ன வெட்கம்!

அன்று பூசையில் முன்வரிசையில் அந்தக் கம்பனியின் மனேஜர். எங்கள் ஆள்தான். புதுக் கோயில் கட்டக் கம்பனி உதவப்போகிறதாம். அர்ச்சனைத் தட்டை ஐயரிடம் நீட்டினார்.

"ஆருக்கு அர்ச்சனை?"

"கம்பனிக்கு, ஐயா."

"நட்சத்திரம்?"

மனுசன் கொஞ்சமும் தடுமாறவில்லை. "பதிவு செய்த நாளை வைச்சுப் பார்த்தனாங்கள். ரோகிணி."

கடைக்கும் காருக்கும் நாங்கள் பூசை செய்கிறவர்கள்தான். என் பழைய காரின் சில்லுக்கடியில் நானே தேசிக்காய் வைத்திருக்கிறேன். ஆனால் ஐயர் அந்தக் கம்பனியின் பெயரைச் சொல்லி, ரோகிணி நட்சத்திரம் என்று சொல்லி, அதற்கு நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டியபோது எனக்கு இரத்தம் கொதித்தது.

"ஐயா, அதுக்கு எங்க உடம்பு?" என்று கத்திவிட்டேன். "அது இருமுமோ? இழுப்பு வருமோ? செத்தால் ஆர் கொள்ளி வைக்கிறது?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சபைத் தலைவர் பதறிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இஞ்ச அரசியல் கதைக்க வேண்டாம். மேசையை எடுங்கோ."

"அப்ப இவ்வளவு நேரமும் நடந்தது என்ன, அண்ணை?"

"கம்பனியின்ர மனம் நொந்தால் கோயில் வேலை நிண்டு போம். விளங்குதோ?"

விளங்கியது. நோவதற்கு அதற்கு மனமும் இருக்கிறது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து அதற்கு ஓர் உடம்பு செய்து கொடுக்கிறார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசையடியில் என்னோடு நின்ற மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஸ்டாப். தே வில் கிக் அஸ் அவுட்."

"கோயிலில இருந்தோ? போகட்டும்."

"நோ. ஃப்ரம் த ஹவுஸ்."

மேசையை மடித்தேன். மனேஜர் பிரசாதத் தட்டோடு எங்களைத் தாண்டிப் போனார். அவர் கதவைக் கடந்து போகும்வரை, என் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு இருமலை அடக்கினாள்.