இரண்டு வட்டத்துக்கும் நடுவே ஓர் இறால்

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம்தான் புதுக் கணக்கு என்று ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஏரியிலும் கடலிலும் மாறி மாறி வலை போடுவார். நான் முதல் பஸ்ஸில் கூடையோடு பொன்னேரிக்குப் போய் மீன் விற்றுவிட்டு வருவேன்.

அதே பள்ளிக்கூடத்தில் நானும் ஐந்தாவது வரை படித்தவள். எங்கள் வாத்தியார் பிரம்பை மேசைமேல் வைத்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். அந்தப் பயத்தில் மனப்பாடம் செய்த பதினாறாம் வாய்ப்பாடு இன்றுவரை மறக்கவில்லை. சந்தையில் மற்ற பெண்கள் கணக்குக் கேட்க என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று பார்த்தால், கூடையிலிருந்த மீனையெல்லாம் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என் மகள். கேட்டால், கணம் பிரிக்கிறாளாம். இது கடல் மீன் கணம், இது ஏரி மீன் கணம், டீச்சர் செய்துகொண்டு வரச் சொன்னார் என்றாள். நான் வாரிப்போட்டுக்கொண்டு ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது. திரும்பி வந்த ஆத்திரத்தில், ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். மணி அடித்ததும் கூடையும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

வகுப்புக்குள் ஒரே சத்தம். டீச்சர் இன்னும் வரவில்லை என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால், பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மா. சின்ன வயசு. வேப்பம்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவர். தரையில் சாக்குக்கட்டியால் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறினாற்போல் இரண்டு வட்டம் போட்டிருந்தார்கள். ஒன்றில் கடல், மற்றதில் ஏரி என்று எழுதியிருந்தது. மீன் பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளைப் பிள்ளைகள் வட்டத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாசலில் நின்றே சொன்னேன்: "டீச்சரம்மா, மீனப் பத்தி நாங்க சொல்லிக் குடுத்துக்குறோம். நீங்க கணக்கு சொல்லிக் குடுங்க, போதும்."

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் கோபப்படவில்லை. எழுந்து வந்து, கூடையை நிழலில் வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் திட்டுங்கள் என்றார். மனமில்லாமல் கடைசியில் போய் உட்கார்ந்தேன்.

வஞ்சிரச் சீட்டு கடலுக்குப் போனது. கொடுவாவுக்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. அடுத்து ஒரு பெண் இறால் சீட்டை எடுத்து ஏரி வட்டத்துக்குள் வைத்தாள். டீச்சரும் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. அது தப்பு என்று சொல்லிவிட்டேன். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா தப்பு?" என்று டீச்சர் கேட்டார்.

"எறா கடல்லதான் முட்ட உடும். குஞ்சுங்க முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து வளரும். பெருசானா மறுபடி கடலுக்கே போய்க்கினு இருக்கும். அத்த ஏரின்னு மட்டும் எப்பிடி எழுதறது?"

அவர் குனிந்து ஏரி வட்டத்துக்குள் இருந்த இறால் சீட்டைப் பார்த்தார். பிறகு, "இது எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

நான் படித்த ஐந்து வருடத்தில் எந்த வாத்தியார் வாயிலிருந்தும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. டீச்சர் பிள்ளைகளிடம் திரும்பி, அப்படியானால் இறாலை எங்கே வைப்பது என்று கேட்டார். யாரும் சொல்லித் தராமலே, அந்தப் பெண் சீட்டை நகர்த்தி இரண்டு வட்டமும் சேருகிற இடத்தில் வைத்தாள். இதற்குப் பெயர்தான் வெட்டு என்றார் டீச்சர். எனக்குத் தெரிந்த வெட்டு அருவாமனையில்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், என் மகளும்.

அரை மணி எப்போது போனதென்று தெரியவில்லை. பச்சை நண்டுக்கும் மடவைக்கும் நியாயம் பேசி முடித்தபோது மத்தியான மணி அடித்துவிட்டது. அன்றைக்கு என் கூடை மீன் அக்கம்பக்கத்துக் குழம்புச் சட்டிகளுக்குத்தான் போனது.

கிளம்பும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் ஏழெட்டுக்கு விரலை எண்ணுகிறாளே என்றேன். அவர் யோசித்தார். அது தன் குறைதான் என்று ஒப்புக்கொண்டு, இனிமேல் தினமும் முதல் பத்து நிமிடம் வாய்ப்பாடு சொல்ல வைக்கிறேன் என்றார். பிரம்பு மட்டும் எடுக்க மாட்டேன் என்றார். நானும் அதை வேண்டும் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் தரையெல்லாம் கரிக்கோட்டு வட்டம்தான். என் வீட்டுக்காரர் ஈர வலையைக்கூட இறக்கி வைக்காமல் மகளோடு வாதாடுவார். "நைனா, நீ சொல்றதுக்குக் காரணம் சொல்லு" என்று அவள் டீச்சர் குரலில் கேட்பாள். அவர் தலையைச் சொறிவார்.

ஒரு தடவை மேலிருந்து ஓர் அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். ஒன்றுமே இல்லாத கணத்துக்கு, அதாவது வெற்றுக் கணத்துக்கு, யாராவது ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றாராம். என் மகள் எழுந்து, "எங்க கிளாஸ்ல மீனு துன்னாத பசங்க, சார்" என்றாளாம். அவர் விழுந்து விழுந்து சிரித்ததாக டீச்சரே வழியில் பார்த்தபோது என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த வருடக் கடைசியில், ஏழாம் வகுப்புக்கும் அந்த டீச்சரே வேண்டும் என்று நாங்கள் பத்துப் பெண்கள் மீன் விற்று முடித்த கையோடு போய்த் தலைமையாசிரியர் முன்னால் நின்றோம். மூக்கைப் பொத்திக்கொள்ளலாமா வேண்டாமா என்று தவித்தபடியே, மனிதர் சரி என்றார்.