பால் மால் ஆன கதை

மூன்று வயதில் என் மகள் பாலை "மால்" என்றாள். வீட்டில் நாங்கள் பால் என்போம். நான் வேலைக்குப் போகும்போது அவளை விட்டுப் போகும் அடுகோடி காப்பகத்தில் ஆயா கன்னடத்தில் ஹாலு என்பார், மிஸ் மில்க் என்பார். மில்க்கில் பாதி, பாலில் பாதி, சேர்ந்து மால். பெங்களூர்ப் பிள்ளை என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு பூவை "மூ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கன்னடத்தில் ஹூவு, இங்கிலீஷில் ஃபிளவர். இந்த 'ம' எங்கிருந்து வந்தது?

எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. முதலில் ஆயா மேல் வந்தது. பிள்ளையோடு பேசாமல் போனைக் கையில் கொடுத்து உட்கார வைக்கிறாரோ? ஒரு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அவளை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போட்ட நாடகமோ என்று அதையும் நம்பவில்லை. அடுத்து கணவர். "எங்க வீட்ல எல்லாரும் லேட்டாதான் பேசினோம், வுடு" என்றார். உங்கள் பரம்பரைதானா காரணம் என்று மனதுக்குள் கறுவினேன்.

மிஸ் ஒரே போடாகப் போட்டார். "மூணு லாங்வேஜ் கன்ஃப்யூஸ் ஆகுது மேடம். வீட்ல தமிழ ஸ்டாப் பண்ணுங்க."

எங்கள் தெருவில் நாலு பாஷையில் சண்டை போடும் வாண்டுகள் கண்ணெதிரே ஓடியும் அதை நம்பினேன். பயம் அப்படி. வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசினோம். பேபி "மேமி" ஆனது.

ஒரு ஞாயிறு காலை, மூக்கொழுக அவள் தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று தமிழிலேயே மெதுவாகக் கேட்டேன், "பாப்பா, பால் வேணுமா?" திரும்பவில்லை. பிகு பண்ணுகிறாளோ என்று அப்போதும் சந்தேகம். "மிட்டாய் வேணுமா?" அதற்கும் திரும்பவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். பால் என்றாலும் மால் என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது.

அடிக்கடி வந்த சளியில் காதுக்குள் நீர் தேங்கியிருக்கிறது, சரி செய்துவிடலாம் என்றார் டாக்டர். நிம்மதிதான். ஆனால் அத்தனை நாளும் என் பிள்ளை என் பேச்சைக் கண்ணால்தான் கேட்டிருக்கிறாள்.